சாம்புவும் என் பர்ஸும்

முட்டாள் ஒருவர் துப்பறிந்து ஜெயிக்கிற கதையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறீர்களா? நான் சிரித்திருக்கிறேன், பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவில். அதே புத்தகத்தைச் சமீபத்தில் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. புத்தகத்தின் மேல் தப்பில்லை. தப்பு என் மேல். என்ன தப்பு என்று பின்னால் சொல்கிறேன். நான் சொல்வதற்குள் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் பெரிய துப்பறியும் நிபுணர்!

புத்தகம், தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'.

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலமே ஊருக்குள் நுழைந்துவிட்டேன். கிரிவலம் போய்ப் பழகியவர்களுக்குக் காரணம் தெரியும். பௌர்ணமி அன்று போனால் பஸ் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுவிடும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பதற்கு முன்னால், ஊருக்குள் வருவதற்கே தனியாக நடக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ரூம் தீப்பெட்டி சைஸ்தான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ராஜகோபுரத்தின் உச்சி தெரிந்தது. 217 அடி, 11 நிலை. அதற்குப் பின்னால் மலை. படிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

ரூம் பையன் பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். பையன் என்று சொன்னாலும் இருபது வயசு இருக்கும். "வேற எதுனா வேணுமா சார்?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன்.

சாம்புவைத் தெரியாத இளைய தலைமுறைக்காக ஒரு சின்ன அறிமுகம். பாங்க் குமாஸ்தா. நாற்பது வயசு. முகத்தைப் பார்த்தாலே அசடு என்று எழுதி ஒட்டியிருக்கும். இப்படிப்பட்டவர் தற்செயலாக ஒரு குற்றவாளி பிடிபடக் காரணமாகிவிடுகிறார். அவ்வளவுதான், 'துப்பறியும்' என்ற பட்டம் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கதைக்குக் கதை இதே கூத்து. எதையாவது தப்பாகப் புரிந்துகொள்வார். போகக் கூடாத இடத்துக்குப் போவார், இடறி விழுவார், யார் மேலாவது மோதுவார். மோதிய ஆள் திருடனாக இருப்பான்! உடனே இன்ஸ்பெக்டர் கோபாலன் வந்து கையைப் பிடித்துக் குலுக்குவார். சாம்பு திருதிருவென்று விழிப்பார். வீட்டில் மனைவி வேம்புவுக்குப் பெருமை தாங்காது.

தேவனின் நிஜப் பெயர் ஆர். மகாதேவன். 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். சாம்பு ஆனந்த விகடனில் வர ஆரம்பித்தது 1942-ல். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மதராஸில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்து போனார்கள். அந்த நேரத்தில் இப்படி ஒரு மனுஷனைக் கொடுத்து ஜனங்களைச் சிரிக்க வைத்தார். 1957-ல், 43 வயசில் போய்விட்டார்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைப் படிப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. தமிழில் துப்பறியும் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் இதே மாவட்டத்து ஊர்க்காரர். ஆரணி குப்புசாமி முதலியார். இங்கிலீஷ் மர்ம நாவல்களைத் தழுவி, நம்ம ஊர் வேஷ்டி கட்டிவிட்டுத் தமிழில் உலவவிட்டவர். 1925-ல் மறைந்தார். அவருடைய துப்பறிவாளர் ஆனந்த சிங், ஷெர்லக் ஹோம்ஸின் சாயல் உள்ளவர். அடுத்து வடுவூர் துரைசாமி ஐயங்கார் வந்தார். அவர் கதையில் துப்பறிகிறவர் ஒரு சாமியார்! திகம்பர சாமியார். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக எடுத்தபோது நம்பியார்தான் சாமியார். வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அசத்தியிருப்பார்.

இவர்கள் எல்லாம் சூரர்கள். எதிராளியை ஒரு பார்வை பார்த்தால் அவன் பூர்வோத்தரம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். இவர்களையே பல வருஷம் படித்துப் பழகிய வாசகர்கள் முன்னால்தான் தேவன் சாம்புவைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'இந்த மூஞ்சியும் துப்பறியும்' என்றார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய குறும்பு என்று யோசித்துப் பாருங்கள்.

சின்ன வயசில் எனக்குப் புரிந்தது அந்தக் குறும்பு வரைக்கும்தான். இப்போது எனக்கும் சாம்புவின் வயசைத் தாண்டிவிட்டது. மறுபடி படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது.

துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயம் எப்படி இருக்கும்? எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்துத் துப்பறிவாளர் விளக்கம் கொடுப்பார். செருப்பில் இருந்த செம்மண், நின்றுபோன கடிகாரம், குரைக்காத நாய். சாம்பு கதையிலும் விளக்கம் உண்டு. ஆனால் அதைச் சாம்பு சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்கிறார்கள்! 'ஓஹோ, நீங்கள் இதற்காகத்தான் அங்கே போனீர்களா? அதற்காகத்தான் அப்படி விழுந்தீர்களா?' என்று அவர்களே கேள்வி கேட்டு, அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். சாம்பு வாயைத் திறப்பதற்குள் ஒரு மேதை தயார்.

ஆக, சாம்பு கதைகளில் முட்டாள் யார்? சாம்பு இல்லை சார். சுற்றி நிற்கிறவர்கள். அதாவது, நாம்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்திலேயே ட்ரையல் பேலன்ஸ் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் கூட்டினால் ஒரே தொகை வரவேண்டும். வந்துவிட்டால் ஒரே சந்தோஷம். ஆனால் எங்கள் புரொபசர் அடுத்த வகுப்பிலேயே அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டார். டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ராமன் கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணன் கணக்கில் எழுதினாலும் டேலி ஆகும். ஒரு பக்கம் நூறு ரூபாய் தப்பு, இன்னொரு பக்கமும் நூறு ரூபாய் தப்பு என்றாலும் ஜோராக டேலி ஆகும்.

இன்ஸ்பெக்டர் கோபாலன் கொடுக்கும் விளக்கங்கள் எல்லாம் இப்படி டேலி ஆன கணக்குகள்தான். ஒரு இடத்தில்கூட இடிக்காது. ஆனால் ஒன்றுகூட உண்மை இல்லை.

பத்திரிகைக்காரனாக நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஜெயித்த தொழிலதிபர்களைப் பேட்டி எடுத்து, 'அன்றே கணித்தார்', 'துணிந்து இறங்கினார்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதே வருஷம், அதே துணிச்சலோடு இறங்கி, அதே தெருவில் கடையை மூடியவரை நான் பேட்டி எடுத்ததே இல்லை. ஜெயித்தவரிடம் மனசுவிட்டுக் கேட்டிருந்தால், 'என்னமோ தம்பி, நேரம்... அமைஞ்சுது' என்று சொல்லியிருப்பார். அதைப் போட்டால் கட்டுரை எப்படி நிற்கும்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாம்புவை ஒரே மூச்சில் பத்துக் கதை படிக்காதீர்கள். அலுத்துவிடும். வாரம் ஒன்றாக, காபியோடு படிக்க எழுதப்பட்டவை இவை. நாலாவது கதையிலேயே, இவர் எங்கே விழப் போகிறார் என்று நமக்கு முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது. தற்செயல் என்பது உப்பு மாதிரி. தேவன் சில கதைகளில் அதைக் கைநிறைய அள்ளிப் போட்டிருக்கிறார். வேம்பு இன்னும் நிறையப் பேசியிருக்கலாம். வீட்டுக்குள்ளேயே புருஷனை அறிந்த ஒரே ஜீவன், அவளும் ஊரோடு சேர்ந்து மெச்சுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் உரையாடல்! 80 வருஷம் ஆகியும் துருப்பிடிக்காத உரையாடல். ஒரு ஆள் வந்து இரண்டு வரி பேசினால், அவர் எந்தத் தெரு, என்ன உத்தியோகம் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் ரொம்பப் புத்திசாலித்தனமாக யோசித்து, புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு எல்லாம் போட்டுவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

எதிரே ஒரு டீக்கடை. நாளைக்கு வரப் போகிற கூட்டத்துக்கு இன்றைக்கே பால் கேன்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு டீ குடித்தேன். இரண்டு பன்னைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டேன். செல்போனில் சார்ஜ் இல்லாததால் நோட்டாகவே கொடுத்துவிட்டு மேலே வந்தேன். வராந்தாவில் ரூம் பையன் என் ரூமிலிருந்து காலி பக்கெட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி வேகமாகப் போய்விட்டான்.

ரூமுக்குள் வந்து பார்த்தால், மேஜை மேல் வைத்த பர்ஸைக் காணோம்.

எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேஜை மேல் பர்ஸ் இருந்தது. ரூமுக்குள் வந்தது ஒரே ஆள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேகமாக நடந்தான். நாலு துப்பு, ஒரு முடிவு. கீழே போய் லாட்ஜ் மேனேஜரிடம் ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

மேனேஜர் அசந்துவிட்டார். "சார் பத்திரிகைல இருக்காரு இல்ல... கரெக்டா புடிச்சுட்டாரு பாரு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பையனைக் கூப்பிட்டார்கள். "நான் எடுக்கலீங்க சார்" என்றான். குரல் தடுமாறியது. எனக்கு ஐந்தாவது துப்பு கிடைத்துவிட்டது. "பாக்கெட்ட காட்றா" என்றார் மேனேஜர். ஒரு சீப்பு, முப்பது ரூபாய், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பஸ் டிக்கெட். எல்லாவற்றையும் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு, இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றான். ரூம் எடுக்க வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு சின்னப் பெண் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வாசகர்களே, நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்!

எதிர்க் கடையிலிருந்து டீ மாஸ்டர் ரோட்டைத் தாண்டி வந்தார். கையில் என் பர்ஸ். "சார், பன்ன வாங்கிட்டு இத பெஞ்சு மேலயே வெச்சுட்டுப் போயிட்டீங்க" என்றார். நான் அசட்டுத்தனமாக, "மேஜை மேல வச்ச மாதிரி ஞாபகம்..." என்று இழுத்தேன். அவர் சிரித்தபடி, "அப்ப எனக்கு எதுல இருந்து சார் காசு குடுத்தீங்க?" என்றார்.

ஏழாம் வகுப்புப் பையன் கேட்கக்கூடிய கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை? என் கணக்குதான் டேலி ஆகிவிட்டதே!

மறுநாள் இரவு கிரிவலப் பாதையில் நடக்கும்போது இதே நினைப்புதான். இங்கிலாந்தில் இ.சி. பென்ட்லி என்பவர் 1913-ல் 'ட்ரென்ட்ஸ் லாஸ்ட் கேஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். கதாநாயகன் ட்ரென்ட் ஒரு ஓவியன். பத்திரிகைக்காகப் போய்ப் பொழுதுபோக்காகத் துப்பறிகிறவன். அருமையாக யோசிப்பான். ஒவ்வொரு படியும் கச்சிதம். கடைசியில் அவன் கண்டுபிடித்தது தப்பு! அவன் வெட்கப்பட்டு, இனிமேல் துப்பறிவதில்லை என்று முடிவு செய்கிறான். ஹோம்ஸ் மாதிரி தப்பே செய்யாத துப்பறிவாளர்களைப் பென்ட்லி கிண்டல் செய்தது இப்படி. யோசனை சரி, விடை தப்பு. 29 வருஷம் கழித்துத் தேவன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். யோசனையே இல்லை, விடை சரி. ட்ரென்டுக்கு வந்த வெட்கம் எனக்கும் வந்தது. அவன் அளவுக்கு மூளைதான் இல்லை.

நிருதி லிங்கம் தாண்டி நடக்கும்போது இந்த ஊரின் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. 1896-ல் மதுரையிலிருந்து ஒரு 16 வயசுப் பையன் இங்கே வந்து, கோயிலுக்குள் பாதாள லிங்கத்தின் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள். பேசாமல் கிடக்கிறான், குளிப்பதில்லை. அவர்கள் கணக்கும் டேலி ஆனது. கல்லை எடுத்து எறிந்தார்கள். அவர்களை விரட்டி அவனைக் காப்பாற்றியவர் சேஷாத்ரி சுவாமிகள். அவரையும் பைத்தியம் என்று நினைத்தவர்கள் ஊரில் உண்டு. அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. பார்த்த காட்சி எல்லோருக்கும் ஒன்றேதான். கல்லை எடுத்தவர்கள் அவசரப்பட்டார்கள். விரட்டியவர் இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார்.

கணக்கு டேலி ஆனால் கல் மட்டுமா விழும்? ஜெயிலும் கிடைக்கும். சாம்பு வந்து இரண்டே வருஷத்தில், 1944 நவம்பர் 8-ம் தேதி, மதராஸ் வேப்பேரியில் 'இந்துநேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார். சினிமாக்காரர்களைப் பற்றிக் கண்டபடி எழுதியவர். அப்படியானால் கொல்லச் சொன்னது யார்? ஊருக்கே விளக்கம் தயாராக இருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஜூரி குற்றவாளிகள் என்றது. ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய்த் திரும்பி, 1947-ல் விடுதலை ஆனார்கள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த பாகவதர், பழைய பாகவதராக ஆகவே முடியவில்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்று வரை முடிச்சு அவிழாத கேள்வி.

தேவனுக்கு இந்தப் பக்கமும் தெரியாமல் இல்லை. சாம்புவை எழுதிய அதே கைதான், கோர்ட்டுக்குள்ளேயே ஒரு கொலை வழக்கை நடத்திக் காட்டும் 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னையும் எழுதியது. சாட்சி, குறுக்கு விசாரணை, ஜூரி என்று அங்குலம் அங்குலமாக நகரும் நாவல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். சாம்புவில் வேடிக்கையாகச் சொன்னதை இதில் கவலையோடு சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது.

கிரிவலம் முடித்து, காலில் கொப்புளத்தோடு விடியற்காலை ரூமுக்கு வந்தேன். அதே பையன் வெந்நீர் கொண்டுவந்தான். முதல் நாள் ராத்திரியே மன்னிப்புக் கேட்டிருந்தேன். ஆனால் ரோட்டில் இடித்துவிட்டு 'ஸாரி' சொல்கிற மாதிரியான மன்னிப்பு அது. இப்போது உட்கார வைத்துக் கேட்டேன்.

"பரவால்ல சார். எது காணாமப் போனாலும் மொதல்ல எங்களத்தான் கேப்பாங்க" என்றான். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பின்ன ஏன் என்னைப் பார்த்ததும் அவ்வளவு வேகமாப் போனே?"

"கீழ் ரூம்ல வெந்நி கேட்டு கத்திட்டு இருந்தாங்க சார்."

கட்டில் மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான். அட்டையில் சாம்புவின் படம். "காமெடி புக்கா சார்?" என்றான். திருடனைத் தப்புத் தப்பாகத் தேடுகிற ஒருத்தர் கதை என்று சொன்னேன்.

"தப்பா தேடினா எப்படி சார் கிடைப்பான்?"

"அதுதான் கதை. இவர் தெரியாம யார் மேலயாவது போய் இடிப்பார். அவன்தான் திருடனா இருப்பான்."

கொஞ்சம் யோசித்தான். "எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப நல்ல ஆளு சார் அவரு" என்று சொல்லிவிட்டு, காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

சாம்புவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த விமர்சனத்தை யாரும் எழுதி நான் படித்ததில்லை. எத்தனை தடவை தடுக்கி விழுந்தாலும், நிரபராதி மேல் விழாத ஒரே துப்பறிவாளர்.